திரைக்கு அந்தப் பக்கம் மாமி

எனக்கும் இப்போது சலரோகம்தான். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், உள்ளங்கையளவு பெட்டியொன்று கண்மூடித் திறப்பதற்குள் சீனியின் அளவைச் சொல்லிவிடுகிறது. அளவு கூடினால் மகள் என்னைத் திட்டுகிறாள். குறைந்தால் நான் அவளிடம் ஒரு துண்டு தொதல் இனிப்புக் கேட்கிறேன், அதற்கும் திட்டுகிறாள். இந்த நோயை நான் வீட்டுக்குள் முதன்முதலாகச் சந்தித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், என் மனைவியின் தாயாரிடம். அதைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக நினைத்து, எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். காரணம், அதில் என்னுடைய மடத்தனமும் வரும்.

அந்த நாட்களில் நான் அரசாங்க ஆஸ்பத்திரியொன்றில் மருந்து கலந்து கொடுக்கும் வேலையில் இருந்தேன். வேலைப் பெயர் டிஸ்பென்சர். ஊரார் வாயில் மருந்துக்காரர். பிறந்தது அக்கரைப்பற்று, கலியாணம் முடித்தது சாய்ந்தமருதில். எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெட்டியும் கையுமாகப் பெண்ணின் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வீடு வளவு எல்லாம் மகளுக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். மாமா நான் வருவதற்கு முன்பே மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். மாமி குசினி அடுப்படியை ஒட்டித் தென்னோலைக் கிடுகால் அடைத்த ஓர் அறைக்குள் போய்விட்டார். அந்த அறைக்கும் நான் சாப்பிட உட்காரும் விறாந்தைக்கும் நடுவில் மருதமுனை நெசவுத் துணியில் ஒரு திரை தொங்கியது.

ஒன்பது வருடம் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். அந்த ஒன்பது வருடத்தில் நான் மாமியின் முகத்தைப் பார்த்ததுமில்லை, அவர் என்னோடு ஒரு வார்த்தை கதைத்ததுமில்லை. மருமகனுக்கு முன்னால் மாமி வருவதில்லை என்பது அங்கே மரியாதை. மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. மார்க்கப்படி மாமி தாய்க்குச் சமம், மறையத் தேவையில்லை. இதை எங்கள் பள்ளிவாசல் லெப்பையிடம் ஒருமுறை கேட்டேன். அவர் சட்டத்தையெல்லாம் தெளிவாக எடுத்துச் சொல்லி முடித்துவிட்டு, "எண்டாலும் என்ட மாமியும் எனக்கு முன்னுக்கு வாறல்லதான், தம்பி" என்றார். சட்டம் கிதாபில் இருந்தது, வழக்கம் வீட்டில் இருந்தது.

ஆகவே நான் மாமியை அறிந்தது செருமலாலும் காப்புச் சத்தத்தாலும்தான். முக்கியமாகச் சமையலால். அவர் ஆணம் என்று ஆக்கிய மீன் குழம்பைத் தின்றவன் வேறு வீட்டில் கைநனைக்க யோசிப்பான். அறுபதைத் தாண்டிய பிறகும் அடுப்பை மகளிடம் விட்டுக்கொடுக்கவில்லை. என் மனைவி தேங்காய் திருவுவாள், மீன் வெட்டுவாள், சோற்றைக் கோப்பையில் போட்டு எனக்கு முன்னால் வைப்பாள். உப்புப் போடுவது மட்டும் மாமியின் கை.

ஒரு பின்னேரம் மனைவிக்குக் குசினிப் பக்கமிருந்து தீய்ந்த மணம் வந்திருக்கிறது. சட்டி அடிப்பிடிக்கிறதென்று ஓடியிருக்கிறாள். சட்டி நன்றாகத்தான் கொதித்துக்கொண்டிருந்தது. மாமி நின்றுகொண்டு தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தார். மணம் அவருடைய காலடியிலிருந்து வந்தது. அடுப்பிலிருந்து தெறித்த தணல் துண்டொன்று அவருடைய வலது பாதத்தின் கீழே, பெருவிரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. அவர் அதற்கு மேல் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

இதை எனக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன் வீட்டிலேயே இருக்க, மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் பூசித் துணி சுற்றிப் பன்னிரண்டு நாள் கழித்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் நாள் சோற்றுக்கு உட்கார்ந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வாடை வந்தது. அந்த வாடையை நான் வார்டில் நன்றாக அறிவேன். மனைவியைக் கூப்பிட்டு, "உள்ளுக்கு ஆருக்குப் புண்?" என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் திரை கட்டிய மாட்டுக் கரத்தையில் மாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் சைக்கிளில் நூறு யார் தூரம் முன்னால் போனேன், கூடவே போனால் அது மரியாதைக் கேடு. டொக்டர் புண்ணைப் பார்த்தார், சிறுநீரைச் சோதித்தார். மாமி அவரிடம் கூச்சமில்லாமல் காலை நீட்டினாராம். எனக்கு அது பொறுக்கவில்லை. அந்நிய மனிதருக்குக் காலைக் காட்டலாம், வீட்டிலிருக்கிற எனக்குக் காட்டக்கூடாதா என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: சலரோகம் முற்றியிருக்கிறது, அதனால்தான் தணல் சுட்டது கூடத் தெரியவில்லை. சீனி இறங்கினால் புண் ஆறும். இறங்காவிட்டால் மட்டக்களப்புப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கணுக்காலுக்கு மேலே வெட்டத்தான் வேண்டும். ஒரு மாதம் பார்ப்போம்.

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் மெதுவாகத்தான் சொன்னேன். கிடுகு மறைப்புக்கு மெதுவென்ன, உரக்கவென்ன. உள்ளே காப்புச் சத்தம் நின்றது. பிறகு மாமி மகளிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அதுவரை முணுமுணுப்பாகவே கேட்ட குரலில் முதன்முதலாகச் சொற்கள் பிரிந்து விழுந்தன. "கால் போனா என்னத்துக்கு இந்த உசிரு? இன்னொராள் ஆக்கிப் போட நான் குந்திக்கிட்டுத் தின்னவா? தொழுகைக்கி நிக்கவும் ஏலா, அடுப்படிக்கிப் போகவும் ஏலா." அந்தக் காலைக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டுமென்று அன்றைக்கே மனதில் எடுத்துக்கொண்டேன். ஒன்பது வருடம் அவர் கையால் தின்றவன் நான்.

எனக்கு இரண்டு வேலை தரப்பட்டது. காலையில் இன்சுலின் ஊசி போடுவது, காலையும் மாலையும் சிறுநீர் சோதிப்பது. இன்சுலின் சூடு தாங்காது. குளிர்ப்பெட்டி என்ற ஒன்றை நாங்கள் படத்தில்தான் பார்த்திருந்தோம். தண்ணீர்ப் பானைக்குக் கீழே ஈர மணலைக் கொட்டி, அதற்குள் புட்டியைப் புதைத்துவைத்தோம். சோதனைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நீலத் திரவம். அதைக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைக்க வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் சீனியில்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் கூட. செங்கல் நிறத்துக்கு வந்தால் ஆபத்து. ஒரு வாரம் நீலமாகவே இருந்தால் ஊசி மருந்தைக் குறைக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

முதல் ஊசியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டு எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்தேன். மனைவி உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொரு காலாக நின்றாள். திரையின் ஓரத்தால் ஒரு கை வெளியே வந்தது. மெலிந்த கை, முழங்கைக்குக் கீழே பழைய எண்ணெய்த் தழும்புகள், மணிக்கட்டில் தேய்ந்த காப்பு இரண்டு. இத்தனை வருடம் எனக்குச் சோறு போட்ட கை அது. நான் அதைத் தொட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஆயிரம் கையில் குத்தியவன், அன்று ஸ்பிரிட் பஞ்சால் ஒரே இடத்தை மூன்று தரம் துடைத்தேன்.

"நோகுமா எண்டு மாமி பயப்புடுறாவா, கேளு" என்றேன் மனைவியிடம்.

"உம்மா, பயமா எண்டு கேக்காங்க."

உள்ளே முணுமுணுப்பு.

"பயமில்லயாம். நீங்க பயப்புடாமக் குத்தட்டாம்."

இப்படித்தான் தினமும் நடந்தது. மூன்று பேரும் ஒரு முழத்துக்குள் இருந்தோம், ஒருவர் பேசுவது மற்றவருக்குத் தெளிவாகக் கேட்டது. இருந்தாலும் என் சொல் மனைவியின் வாய் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், மாமியின் சொல் 'ஆம்' என்ற வாலோடுதான் வெளியே வர வேண்டும். நோகல்லயாம். தலை சுத்துதாம். குரக்கன் ரொட்டி தொண்டையில இறங்குதில்லயாம். அவருக்குச் சீனியை அடியோடு நிறுத்தியிருந்தோம். ஒரு வாரம் கழித்துத் தலையணைக்குக் கீழே பனங்கருப்பட்டித் துண்டுகள் அகப்பட்டன. "கருப்பட்டி சீனியில்லதானேயாம்" என்று மனைவி வந்து சொன்னபோது எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இனிப்பில்லாத தேநீரை அந்த வயதில் பழகச் சொன்னால் யாருக்கு இறங்கும்?

சிறுநீர்ப் போத்தல்தான் இழுபட்டது. முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் கேட்டதற்கு, "நாளைக்கித் தாறாங்களாம்." மூன்றாம் நாள் காலையில், வாழையிலைத் துண்டால் வாய் கட்டிய சின்னப் போத்தலொன்றை மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினாள். கொதிக்கவைத்தேன். நீலம். மாலையிலும் நீலம். அந்த வாரம் முழுக்க நீலம்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஊசி போடுகிற கை என்னுடையதல்லவா! டொக்டரிடம் போய், "மாமி சொல்லுக் கேக்கிற ஆள் சேர், ரெண்டு தரம் சொல்லத் தேவையில்ல" என்று பீற்றிக்கொண்டேன். கருப்பட்டியை நான் மறந்தே போனேன். டொக்டர் மருந்தின் அளவைக் குறைத்தார். அடுத்த வாரமும் நீலம். மறுபடியும் குறைத்தார்.

ஆனால் புண் ஆறவில்லை. அதைத் தினமும் கழுவிக் கட்டியது மனைவி. துணியைக் கொதிக்கவைத்து, மருந்து நீரைக் கலந்து திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கொடுப்பது மட்டும் நான். "எப்பிடி இரிக்கி?" என்று கேட்டால் முதலில், "அப்பிடியேதான் கெடக்கு" என்றாள். பிறகு, "கொஞ்சம் பெருத்த மாதிரி" என்றாள். ஒரு நாள், "பெருவிரலும் அதுக்குப் பக்கத்து விரலும் கறுக்குது" என்றாள். எனக்கு விளங்கவில்லை. சீனியில்லாத உடம்பில் புண் ஏன் ஆறாது? கட்டத் தெரியாமல் கட்டுகிறாய், கையைக் கழுவாமல் தொடுகிறாய் என்று அவளைத்தான் ஏசினேன். அவள் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தையாவது நான் கவனித்திருக்க வேண்டும். என் குணம் அப்படி, வாய் திறந்தால் காது அடைத்துவிடும்.

அந்த நாட்களில் மனைவிக்குக் கடைவாயில் புண் வந்து வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மஞ்சள் நிற விட்டமின் குளிசை கொண்டுவந்து, எனக்கு முன்னாலேயே விழுங்கவைத்தேன். அந்தக் குளிசையை விழுங்கினால் அடுத்த தடவை போகும் சிறுநீர் கரைத்த மஞ்சளாகப் போகும். பயப்படத் தேவையில்லை என்று ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். மனைவிக்குச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மாமியின் போத்தல் வந்தது. வாழையிலையை அவிழ்த்தேன். உள்ளே பளிச்சென்று மஞ்சள்.

விளக்கைக் கூட நான் கொளுத்தவில்லை. போத்தலை வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பார்த்தேன். பிறகு மனைவியைப் பார்த்து, "இது ஆர்ட?" என்று கேட்டேன்.

அவள் திரையைப் பார்த்தாள்.

"உன்னத்தான் கேக்கன். இது ஆர்ட?"

"என்டது" என்றாள். "எல்லாம் என்டதுதான். முதல் நாள் தொட்டு."

தாய் கேட்டிருக்கிறார், மகள் கொடுத்திருக்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, இரண்டு பக்கமும் இழுபட்டவள் அவள்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு நியாயம் தெரியவில்லை. மூன்று வாரமாக என் மனைவியின் சுகத்தைச் சோதித்துப் பார்த்து, அதை நம்பி மாமியின் மருந்தைக் குறைத்திருக்கிறேன். அந்த இரண்டு விரல்களைக் கறுக்கவைத்தவன் நான்தான். எழுந்து திரைக்கு முன்னால் நின்று, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக மாமியோடு நேரே கதைத்தேன். கதைத்தேன் என்ன, கத்தினேன்.

"மாமி! கால வெட்டுற எண்டா உங்களுக்கு வெளையாட்டா? நான் என்ன பைத்தியக்காரனா இஞ்ச விளக்கக் கொளுத்திக்கிட்டு இரிக்க? மூத்திரத்துல என்ன வெக்கம்? டொக்டருக்குக் குடுத்தீங்கதானே, எனக்குத் தந்தா என்ன?"

மனைவி வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள். மாமிக்கு நேரே குரலை உயர்த்திய மருமகன் என்று ஊர் என்னைச் சொல்லப்போகிறது, சொல்லட்டும் என்று நின்றேன்.

பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. மனைவிக்கல்ல, எனக்கு.

"டொக்டர் நாளைக்கி என்ட ஊட்டுல சோறு தின்ன வரமாட்டார், மருமகன்."

கையிலிருந்த போத்தலைத் தரையில் வைத்தேன்.

"நீங்க சோத்துக்குள்ள ஒரு தலமயிர் கெடந்தா கோப்பயத் தள்ளி வச்சிட்டு எழும்புற ஆள். ஒம்பது வருசமாக் கிடுகு ஓட்டையால பாத்துக்கிட்டுத்தானே இரிக்கன். மீன்ல ஒரு செதில் கெடந்தாலும் உங்கட மொகம் கோணும். என்ட மூத்திரத்தக் கையில புடிச்சி, காச்சி, மணந்துட்டு, மறுகா இந்தக் கையால ஆக்கின சோத்தத் தின்னுவீங்களா? எனக்கு உங்களுக்கிட்ட வேற என்ன இரிக்கி? மொகமில்ல, கதையில்ல. இந்தச் சோறு ஒண்டுதான். அதுவும் போனா நான் இந்த ஊட்டுல ஆரு?"

அருவருப்புப் பார்க்கிற ஆள்தான் நான். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை ஒருத்தர் ஒரு ஓட்டை வழியாக இவ்வளவு காலமாகப் பார்த்துப் பார்த்து, எனக்காக ஒவ்வொரு செதிலாகத் துடைத்துச் சமைத்திருக்கிறார் என்பது தெரியாது. அவருக்கு என் முகம் மனப்பாடம். எனக்கு அவருடைய முகமே தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் என்னை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஏசவில்லை. வந்து காலைப் பார்த்தார், மருந்தை முதலில் இருந்த அளவுக்கு மேலே கூட்டினார். இன்னும் பத்து நாள், அதற்குள் கறுப்பு விரலைத் தாண்டிப் பாதத்துக்கு ஏறினால் கணுக்காலுக்கு மேலே வெட்டுவதைத் தவிர வழியில்லை என்றார்.

அன்று பகல் சாப்பாட்டுக்கு வீடு வந்தேன். திரைக்குக் கீழே தரையில் போத்தல் இருந்தது. அதைத் தள்ளிவைத்த விரல்கள் அப்போதுதான் உள்ளே போய்க்கொண்டிருந்தன. விளக்கைக் கொளுத்திக் கொதிக்கவைத்தேன். நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, மஞ்சள் நிற்காமல் செங்கல் நிறத்துக்குப் போய்க் கெட்டியாக அடியில் படிந்தது. ஒளிக்காமல், "செங்கல் கலர், மாமி" என்று சத்தமாகச் சொன்னேன். கைகளைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினேன். பாயில் உட்கார்ந்தேன். மனைவி சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். பாரைமீன் ஆணம், முருங்கையிலைச் சுண்டல்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் காய்ச்சிய மணம் என் மூக்கை விட்டுப் போயிருக்கவில்லை. சோற்றுக்கு மேலே கொண்டுபோன கை அந்தரத்தில் நின்றுவிட்டது. மாமி சொன்னது பொய்யில்லை, என்னை என்னைவிட நன்றாக அறிந்து வைத்திருந்தார். கிடுகு மறைப்புக்குப் பின்னால் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மூச்சுச் சத்தம் நின்றது. அந்தப் பக்கம் ஒரு கண் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். அந்தக் கண் எதற்காகக் காத்திருக்கிறதென்றும் தெரியும்.

பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் பிடியை வாயில் போட்டேன். இரண்டாவது பிடி இலேசாக இறங்கியது. மூன்றாவதில் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது, அந்த ஆணம் அப்படி. கோப்பையை வழித்துத் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றேன். அதையும் தின்றுவிட்டு மறுபடி கேட்டேன். அந்த மூன்றாம் தடவை வயிற்றில் இடமே இல்லை. மனைவி வியப்போடு பார்த்தாள். உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் கேட்காதவன் போல முள்ளைச் சப்பிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து புண்ணைக் கட்டுவதும் நானே என்றாகிவிட்டது. மேலே திரையோரத்தால் கை வரும், ஊசி. கீழே திரைக்கடியால் கால் வரும், மருந்து. நடுவில் துணி. ஆஸ்பத்திரிக் காவற்காரர் ஒருவர் விசாரித்தபோது, "மாமியத் துண்டு துண்டாத்தான் காட்டுறாங்க" என்று சொல்லி அவரைச் சிரிக்கவைத்தேன். உள்ளே ஒரு பயம் தின்றுகொண்டே இருந்தது. காலையில் துணியை அவிழ்ப்பதற்கு முன் ஒவ்வொரு நாளும் கண்ணை மூடிக்கொண்டு ஓதினேன். கறுப்பு எங்கே நிற்கிறதென்று முதல் நாளே நீல மையால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன்.

மாமி இப்போது என்னோடு நேரே கதைத்தார். அதிகமில்லை, காலையில் ஒரு கேள்வி. "கோட்டத் தாண்டிட்டா, மருமகன்?"

"இல்ல மாமி. நிக்கிது."

"அல்ஹம்துலில்லாஹ்."

கருப்பட்டி நின்றது. சமையலும் பாதி நின்றது. அவர் பாயில் காலை நீட்டிக்கொண்டு இருந்தபடியே உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று சொல்வார், மகள் போடுவாள். முதலில் சண்டை, பிறகு பழகிவிட்டார்கள். குழாயில் செங்கல் நிறம் மஞ்சளுக்கு வந்தது, எட்டாம் நாள் பச்சைக்கு வந்தது. பத்தாம் நாள் டொக்டர் வந்து என் மைக்கோட்டைப் பார்த்தார். கறுப்பு அதைத் தொட்டுக்கொண்டு நின்றது, தாண்டவில்லை. இரண்டு விரல் போகும், கால் நிற்கும் என்றார். நான் வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அதற்கு முன் அப்படி அழுதது என் வாப்பா மௌத்தான அன்றுதான்.

மட்டக்களப்பில் இரண்டு விரலையும் எடுத்தார்கள். மாமியும் மனைவியும் பதினெட்டு நாள் அங்கே இருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸில் போய், பெண்கள் வார்டு வாசலில் நின்று சாமான்களைக் கொடுத்துவிட்டு வருவேன். உள்ளே போகவில்லை. திரையில்லாத இடத்தில் நான் போய் நின்றால் அவர் எங்கே ஒளிவார்?

வீடு திரும்பிப் புண் காய்ந்து, குதிகாலை ஊன்றி நடக்கப் பழக இரண்டு மாதம் சென்றது. ஒரு பகல், நான் சாப்பாட்டுக்கு வந்தபோது மனைவி இரண்டு வீடு தள்ளி ஒரு பிள்ளைப்பேற்று வீட்டுக்குப் போயிருந்தாள். வரட்டும் என்று பாயில் உட்கார்ந்தேன். குசினிக்குள் சட்டி மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்து ஒரு காலடி, கொஞ்சம் நின்று அடுத்த காலடி. திரை விலகியது.

நான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன். இத்தனை நாளாக அந்த வழக்கத்தைக் குறைசொல்லித் திரிந்தவன், முகம் வேர்த்து, பாயின் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வைக்குள் ஒரு பாதம் வந்து நின்றது. மூன்று விரல். நான் கட்டிக் கட்டி ஆற்றிய பாதம். சோற்றுக் கோப்பை எனக்கு முன்னால் வந்தது, ஆணத்துச் சட்டி வந்தது. பாதம் திரும்பிப் போகவில்லை.

"கையப் பாத்தீங்க, காலப் பாத்தீங்க, போத்தலையும் பாத்தீங்க" என்றார் மாமி. "இனி மொகத்துல என்ன இரிக்கி? தலையத் தூக்குங்க, மருமகன்."

தூக்கினேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் மருமகன்மார் பலர் மாமியின் முகத்தைச் சரியாகப் பார்ப்பது, உயிர் போன மையித்தைக் கிடத்தியிருக்கும்போது கடைசியாகப் பார்க்கக் கூப்பிடுகிறார்களே, அப்போதுதான். நான் பார்த்தபோது மாமி சிரித்துக்கொண்டிருந்தார்.